கொளுத்தியவனின் சாட்சியம் எங்கே?

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் நம்மிடம் ஒரு கோரிக்கை வந்து சேர்கிறது. 'அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டவங்களையும் புரிஞ்சுக்குங்க, அவங்களும் மனுசங்கதான்.' சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். முற்போக்கு மேடைகளில் நமக்காகப் பேசியவர்கள், நம் புத்தகங்களை வெளியிட்டுக் கைகுலுக்கியவர்கள். 2014 மே மாதம் தருமபுரியில் மாம்பழம் வென்றபோது இந்தக் குரலைக் கேட்டோம். 2019 ஏப்ரல் 18 அன்று, சிதம்பரம் தொகுதியின் வாக்குப்பதிவு நாளிலேயே, பொன்பரப்பியில் நம் சனங்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்ட பிறகும் கேட்டோம். கோரிக்கையை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. எதிரே நிற்கிறவனைப் புரிந்துகொள்ளாமல் எந்த விடுதலை அரசியலும் நடத்த முடியாது. ஆனால் புரிந்துகொள்வது என்றால் என்ன, தமிழ் எழுத்து இதுவரை அதை எப்படிச் செய்திருக்கிறது, யாரிடம் இது கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படாமலே விடப்படுகிறது என்பதையெல்லாம் பார்க்காமல் சும்மா தலையாட்டிவிட முடியாது.

முதலில் ஒன்று. சேரியில் பிறந்தவனுக்கு ஊர்த்தெருவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எந்த வீட்டு வாசலில் எந்த நேரத்தில் போய் நிற்கலாம், யார் குடித்திருக்கும்போது எதிரே வரக் கூடாது, எந்த ஆண்டை கூலியை இழுத்தடிப்பார், எவர் வீட்டு அம்மா யாருக்கும் தெரியாமல் ஒரு படி அரிசி போடுவார் என்பதெல்லாம் நம் தாய்மார்களுக்கு மனப்பாடம். அவர்கள் கோபத்தின் தினுசுகளை அவர்களைவிட நாம் நன்றாக அறிவோம். இது பிழைத்துக் கிடப்பதற்காகச் சேர்த்த அறிவு. ஊர்த்தெருக்காரனுக்கு நம் வீட்டு அடுப்படியைப் பற்றி இதில் கால்வாசிகூடத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவனுக்கு வந்ததில்லை. ஆக, புரிந்துகொள்ளும் வேலையில் பாக்கி வைத்திருப்பவர் யார் என்பதைக் கணக்குப் பார்த்த பிறகே கோரிக்கையைக் கையில் எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2016இல் டிரம்ப் வென்ற ஆண்டில் ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற சமூகவியலாளரின் நூல் ஒன்று வெளிவந்தது. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் பேராசிரியராக இருந்தவர், ஐந்து ஆண்டுகள் லூசியானாவுக்குப் போய்வந்து, தன் அரசியலுக்கு நேர் எதிரான மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, பேசி எழுதிய புத்தகம். தன் நிலத்தையும் தண்ணீரையும் ரசாயனக் கம்பெனிகள் கெடுத்த பிறகும், அந்தக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தாத கட்சிக்கே ஏன் ஒருவன் ஓட்டுப் போடுகிறான் என்பது அவருடைய கேள்வி. உருப்படியான கேள்விதான். ஆனால் பேராசிரியருக்கு ஒரு வசதி இருந்தது. விமானம் ஏறி பெர்க்கிலிக்குத் திரும்பிவிடலாம். பொன்பரப்பிக்காரிக்கு அப்படி எந்த ஊரும் கிடையாது. தன் வீட்டுக் கூரையைப் பிரித்தவனின் காட்டில்தான் அடுத்த வாரம் அவள் களை பறிக்கப் போக வேண்டும். புரிந்துகொள்வது அங்கே ஆராய்ச்சி, இங்கே அன்றாடம்.

தமிழில் எதிராளியைப் 'புரிந்துகொண்ட' நாவல்களில் பெயர் பெற்றது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்ததுதான் அதன் பின்புலம். நாவலில் வரும் பண்ணையார் கண்ணையா நாயுடு ஏன் அப்படிக் கொடூரமானவராக இருக்கிறார்? அவர் ஆண்மையற்றவர், அந்தக் குறைதான் வெறியாக வெளிப்படுகிறது என்று நாவல் விளக்கம் சொல்லிற்று. வந்த காலத்திலேயே இடதுசாரிகள் இதைக் கண்டித்தார்கள். இன்று நாம் கண்டிக்க வேண்டியது இன்னும் ஒரு படி மேலே இருக்கிறது. கூடுதல் நெல் கூலி கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும், அதற்கு எதிராக நிலக்காரர்கள் சங்கம் கட்டிக்கொண்டதும் வெண்மணியின் காரணங்கள். ஒரு மிராசுதாரின் படுக்கையறைக்குள் காரணத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், மற்ற மிராசுதார்களெல்லாம் நல்லவர்களாகிவிடுகிறார்கள். ஒருவனை நோயாளி ஆக்குவதன் மூலம் ஒரு ஏற்பாடு முழுக்கத் தப்பித்துக்கொள்கிறது.

1973இல் சென்னை உயர்நீதிமன்றமும் இதே மாதிரி ஒரு புரிதலைத்தான் காட்டியது. கார் வைத்திருக்கிற பெரிய நிலக்காரர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற ரீதியில் காரணம் சொல்லி, கீழ்நீதிமன்றம் தண்டித்திருந்த நிலக்காரர்களை விடுதலை செய்தது. கனவான்களைக் கனவான்களாகப் புரிந்துகொண்ட தீர்ப்பு அது. நாவல் பண்ணையாரின் உடம்பைப் பார்த்தது, நீதிமன்றம் அவருடைய அந்தஸ்தைப் பார்த்தது. இரண்டின் பார்வையிலும் சாதி என்ற ஏற்பாடு படவில்லை. 'புரிந்துகொள்ளுங்கள்' என்று சொல்லும்போது நமக்கு வயிறு கலங்குவதற்கு இப்படியொரு வரலாறு இருக்கிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வந்த பிரதி இமையத்தின் 'பெத்தவன்'. 2012இல், தருமபுரித் தீவைப்புக்குச் சில வாரங்களுக்கு முன் வெளியானது. இங்கே எழுதுகிறவர் சேரியில் பிறந்தவர். அவர் நுழைவது ஊர்த்தெரு வீட்டுக்குள். பழனி என்கிற தகப்பன். அவர் மகள் பாக்கியம் சேரிப் பையன் பெரியசாமியை விரும்புகிறாள். அவன் சப்-இன்ஸ்பெக்டர் ஆகிவிட்ட பிறகும் ஊருக்கு அவன் சேரிக்காரன்தான். மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்து சொல்கிறது, பழனியும் ஒத்துக்கொள்கிறார். இரவோடு இரவாக மகளை அனுப்பிவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார். கதை முழுக்க நாம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறோம். பெரியசாமியை நெருங்கிப் பார்க்க வாய்ப்பே இல்லை.

நம் தோழர்கள் சிலர் இங்கேதான் கோபப்படுகிறார்கள். 'நம்ம பையனுக்கு ஒரு வார்த்தை பேச இடம் குடுக்காம, அவங்க அப்பனுக்கு எதுக்குய்யா அழணும்?' கேள்வியில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இந்தக் கதை செய்திருக்கிற வேலையைக் குறைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை. பழனி சாதி கடந்த ஞானி கிடையாது. தன் சாதி மேல் பெருமை உள்ளவர்தான். அவரைக் கொண்டு இமையம் காட்டுவது, சாதி தன் ஆளிடமே எதை வசூலிக்கிறது என்பதை. 'நீ எங்க ஆளு' என்று ஊர் கொடுக்கும் மரியாதைக்கு விலையாக, அவன் தகப்பனாக இருக்கும் உரிமையையே அது கேட்கிறது. கண்ணையா நாயுடுவைப்போலப் பழனி நோயாளி இல்லை. ஊரில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதரும் பழனியாகலாம். ஏற்பாட்டைக் காட்டுகிற புரிதல் இது. 'குருதிப்புனல்' எதை மறைத்ததோ அதை 'பெத்தவன்' வெளியே இழுத்துப் போடுகிறது.

அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பழனிக்குக் கதை திறந்துவிடும் கதவு சாவு ஒன்றுதான். வாசிக்கிற ஊர்க்காரன் அழுகிறான், அழுதுவிட்டுத் தன் பஞ்சாயத்துக்கே திரும்பிப் போகிறான். செத்த தகப்பனுக்காக அழுவது சுலபம். நடந்த வரலாறு இதைவிடக் கொடுமை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் ஒரு பெண்ணின் தகப்பன் தற்கொலை செய்துகொண்டார். அன்று மாலையே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். தகப்பனுக்கான துக்கம் தீப்பந்தமாக எப்படி மாற்றப்படும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். ஆகவே பழனிக்காக இரங்குவது தானாகவே நம் பக்கம் வந்து சேர்ந்துவிடாது. அந்த இரக்கத்தை யார் எடுத்து எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் விமர்சகன் பார்த்தாக வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் கண்ணமங்கலத்து விசயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் ஆரணித் தொகுதியில் உதயசூரியன், இரட்டை இலை, மாம்பழம் மூன்றும் நின்றன. முடிவு வந்த சில நாளில் என்னோடு பள்ளியில் படித்தவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வன்னியர். கூலிக்குப் பட்டுத்தறி நெய்கிறவர். எங்கள் பக்கத்துப் பட்டுத்தறிக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வாங்கியிருந்தால் அதைக் கழிக்காமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. வீட்டில் பெண்டாட்டி, பிள்ளை என்று எல்லோருடைய உழைப்பும் அந்த ஒரு கூலிக்குள்தான் அடக்கம். வர்க்கம் என்று பார்த்தால் அவருக்கும் என் தெருவுக்கும் பெரிய தூரம் இல்லை.

மாம்பழத்துக்குப் போட்டதை அவர் மறைக்கவில்லை. 'எங்கப்பன் காலத்துல ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டு, சூடு பட்டு செத்தாங்க. அதுக்கு அப்புறம்தான் எங்களுக்குன்னு ஏதோ கெடச்சிது. பத்தரை குடுத்தாங்க, கோர்ட்டுல போயிடுச்சு. எங்களுக்குக் கேக்க ஒரு ஆளு வேணாமா? நீங்க உங்களுக்குத் தோதானவங்களுக்குப் போட்டீங்க, நான் எனக்குப் போட்டேன். இதுல உனக்கு இன்னாப்பா கோவம்?'

'அதுல கோவம் இல்ல. எங்க தெருப் பையன் உங்க தெருப் பொண்ணோட பேசினான்னா கும்பலா கெளம்பி வர்றீங்களே, அது எந்தப் பத்தரையில வருது?'

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'அது வேற' என்றார்.

அந்த 'அது வேற'யைப் பிடித்துக்கொண்டு யோசித்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன. அவர் சொன்ன முதல் விசயம் உண்மை. 1987 செப்டம்பரில் ஒரு வாரம் நடந்த சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்தது. அதற்குள் வன்னியருக்கு 10.5 சதவீதம் என்ற சட்டம் 2021 பிப்ரவரியில் நிறைவேறி, அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றத்தில் அடிபட்டு, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. கூலித் தறிக்காரன் ஒருவன் இதற்காக ஒரு சின்னத்தில் குத்துகிறான் என்றால், அதை அவனுடைய உரிமை அரசியலாக மதித்தாக வேண்டும். அந்த 10.5, பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்திலிருந்து ஒரு இடத்தைக்கூட எடுக்கவில்லை. நமக்கும் அதற்கும் சண்டையே இல்லை.

ஆனால் அதே 1987 மறியலின்போது தென்னார்க்காட்டில் நம் சனங்களின் குடிசைகள் எரிந்தன. அரசிடம் இடஒதுக்கீடு கேட்கும் போராட்டத்தில் சேரிக் குடிசை ஏன் எரிய வேண்டும்? கோரிக்கைக்கும் தீக்கும் நடுவில் காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. தொடர்பை உண்டாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தறிக்காரருக்கே அது 'வேற'யாகத்தான் படுகிறது. கட்சிதான் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டித் தருகிறது. தருமபுரிக்குப் பிறகு தலித் அல்லாத சாதிகளைக் கூட்டி மேடை போட்டு, ஜீன்சும் கூலிங் கிளாசும் போட்டு நம் பையன்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசியது, 2014 தேர்தலுக்கு முன் அந்தக் கட்டை இறுக்கிய வேலை. அமெரிக்க வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலியோடு சேர்த்து 'நீ கருப்பன் இல்லை' என்கிற மனக்கூலியும் கொடுக்கப்பட்டதாக 1935இல் டுபாய்ஸ் எழுதினார். அம்பேத்கர் அதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார். ஒவ்வொருவனுக்கும் கீழே ஒருவன் இருப்பதால் மேலே இருப்பவனை எதிர்க்க யாரும் முழுசாகச் சேர்வதில்லை. தறிக்காரர் முதலாளியிடம் வாங்க முடியாத மரியாதை, என் தெருவைத் தாண்டும்போது அவருக்குக் கிடைத்துவிடுகிறது. நியாயமான குறையையும், அந்தக் குறைக்குக் கைமாறாகக் கொடுக்கப்படும் இந்த மனக்கூலியையும் பிரித்துப் பார்ப்பதைத்தான் நான் புரிந்துகொள்வது என்கிறேன். முதலாவதோடு நாம் கைகோக்கலாம். இரண்டாவதோடு சமரசம் கிடையாது.

மேலிருந்து கட்டப்படும் கூட்டணி இந்தப் பிரித்தலைச் செய்யாது. 2011 சட்டமன்றத் தேர்தலில் பா.ம.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் ஒரே தி.மு.க. கூட்டணியில் இருந்தன. சேரி ஓட்டு மாம்பழத்துக்கு விழுந்தது. அடுத்த வருசம் நவம்பரில் நத்தம் காலனி எரிந்தது. தலைவர்கள் கைகோத்து நின்ற போட்டோவின் அடியில் ஊரும் சேரியும் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொருவனையும் நம் எழுத்து கண்டுகொள்ளவில்லை. 2019இல் சிதம்பரத்தில் தோழர் திருமாவளவன் 3,219 ஓட்டில் வென்றார். அவர் வாங்கிய மொத்த ஓட்டு ஐந்து லட்சத்துக்கு மேல். அதில் சேரி ஓட்டு மட்டும் இல்லை. எந்தச் சின்னத்தின் பேரால் பொன்பரப்பியில் பானையைப் போட்டு உடைத்தார்களோ, அந்தச் சின்னத்தில் குத்திய ஊர்த்தெருக்காரர்களும் அன்று இருந்தார்கள். அவர்கள் வெளியே சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பழனிக்கு ஊரின் கண்ணுக்குத் தப்ப ஒரு ராத்திரிதான் கிடைத்தது. இவர்களுக்கு ஓட்டுச்சாவடித் தட்டிக்குப் பின்னால் ஒரு நிமிசம் கிடைத்தது. அந்த ஒரு நிமிசத்து மனிதனை வைத்து ஒரு சிறுகதை எழுதப்பட்டு நான் படித்ததில்லை. சாகாத பழனி அவன்தான். ஊர்த்தெருவை ஒரே பாறையாகப் பார்க்கும் நம் பழக்கத்துக்கு அவன் ஒரு பதில். சேரிக்குள் மட்டுமே நின்று அரசியல் பேசச் சொல்கிறவர்களுக்கும் அவன்தான் பதில்.

இனி நம் தெருவுக்குள் வருவோம். எதிர்த்து ஓட்டுப் போட்டவன் ஊர்த்தெருவில் மட்டுமா இருக்கிறான்? 1932இல் தனித்தொகுதியா கூட்டுத்தொகுதியா என்ற வழக்கில் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் எதிரெதிராக நின்றார்கள். 1952 பொதுத்தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரைத் தோற்கடித்தவர் காங்கிரஸ் நிறுத்திய காஜ்ரோல்கர், அவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். பூனா ஒப்பந்தம் செய்த வேலை அது என்று நமக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டு அண்ணன் இரட்டை இலைக்கோ தாமரைக்கோ போட்டுவிட்டால், 'கைக்கூலி' என்ற ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துவிடுகிறோம். வீட்டுமனைப் பட்டாவுக்கு யாரிடம் மனு கொடுத்திருக்கிறார், மகனை வேலைக்குச் சேர்த்துவிட்டது யார், எந்தக் கடன் அவரை எங்கே கட்டிப்போட்டிருக்கிறது என்று கேட்பதில்லை. தறிக்காரரிடம் காட்டும் பொறுமையில் பாதியையாவது அவரிடம் காட்ட வேண்டாமா?

இதைவிடக் கடினமான சோதனை ஒன்று உண்டு. இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. பறையர்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார்க் குடும்பத்து ஆரோக்கியத்தின் கதை. அதில் மேலே நிற்பவர்கள் நாம். தலித் விமர்சகர்கள் பலர் அந்த நாவலைக் கடுமையாகத் தாக்கினார்கள். ஒற்றுமைக்குக் கேடு, ஊரார் சிரிப்பார்கள் என்பது வாதம். தன் வீட்டு அழுக்கு வெளியே தெரிகிறதே என்று ஊர்த்தெரு படும் அதே பதற்றம் நம் குரலிலும் இருந்ததை இன்று அந்த விமர்சனங்களைப் படிப்பவர் உணர முடியும். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள்வகைப்பாட்டை ஏற்றபோதும் நம்மிடையே எழுந்த முணுமுணுப்பில் அது மறுபடியும் கேட்டது. 10.5 கேட்கும் தறிக்காரரின் நியாயம் எனக்குப் புரிகிறது என்றால், 3 கேட்ட அருந்ததியத் தோழரின் நியாயம் அதற்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். கீழே நிற்பவன் கேட்பதை மேலே நிற்பவன் முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்பது விதி. ஊருக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்ள முடியாது.

அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் வந்த கோரிக்கைக்கு என் பதிலைச் சொல்கிறேன். 1996இல் தென்னாப்பிரிக்காவில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. நிறவெறிக் காலத்தில் கொன்றவனும் சித்திரவதை செய்தவனும் மன்னிப்புக் கேட்டு மனுப் போட்டால், செய்ததை முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது, பறிகொடுத்த குடும்பங்கள் பல அதை ஏற்கவில்லை. ஆனாலும் பேச வேண்டிய முறை யாருடையது என்பதை அது சரியாகக் கண்டுகொண்டது. செய்தவன் வாய் திறக்க வேண்டும்.

நம் பக்கத்தில் சாட்சியத்துக்குக் குறைவில்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு', 2005இல் கே.ஏ.குணசேகரனின் 'வடு' என்று பட்டது எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம். இந்த இதழ் போன்ற பக்கங்களில் பேர் தெரியாத எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஊரின் வீட்டுக்குள் போய் அவர்கள் தகப்பனையும் நம்மில் ஒருவர் எழுதிவிட்டார். 2012 நவம்பர் 7 அன்று மாலை நத்தம் காலனிக்கு நடந்து போனவர்கள் செத்துவிடவில்லை. நம்மைப்போலவே அவர்களுக்கும் இன்று ஒரு பத்துப் பன்னிரண்டு வயசு கூடியிருக்கும். யார் கூப்பிட்டார்கள், எந்த வீட்டில் முதலில் நுழைந்தார்கள், பீரோவை உடைத்தபோது உள்ளே என்ன இருந்தது, வீடு திரும்பிய பிறகு அம்மா என்ன கேட்டாள் என்று அவர்களில் ஒருவர் எழுதி நான் இதுவரை படித்ததில்லை. அவர்கள் சாதியில் பிறந்த நல்ல எழுத்தாளர்கள் தமிழில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அந்த மனிதனின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு எழுதட்டும். எழுதினால் நாங்கள் படிப்போம், ஒரு வரி விடாமல்.